கிணற்று மீன்: ஆற்றையும் காட்டையும் காப்பாற்றியதற்கு யார் விலை கொடுத்தார்கள் (அனுபவப் பகிர்வு)

ஒரத்துப்பாளையத்தான்

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக நடந்த சாயப்பட்டறை வழக்கைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஆணையை நிறைவேற்றாத பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூரில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அன்று மாலை எங்கள் ஊரில் வெடி வெடித்தோம். நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே மன்றாடிய ஊர் எங்களுடையது. ஆகவே அந்த மகிழ்ச்சியைத் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் ஒரு வேலையாகத் திருப்பூர் சென்றபோது, பழைய பேருந்து நிலையத்தில் ஒருவர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு; அவருக்கு என் தந்தையின் வயது இருக்கும். சற்று நேரம் கழித்தே அடையாளம் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் பண்ணையம் பார்த்தவரின் மகன். மஞ்சளும் நெல்லும் கருகி, தென்னை குரும்பை உதிர்த்து, கடைசியில் வேலை கொடுக்க எங்களுக்கு வக்கில்லாமல் போனபோது குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனவர். போய்ச் சேர்ந்த இடம் ஒரு சாயப்பட்டறை. எங்கள் தோட்டத்தை அழித்த அதே தண்ணீரைப் பதினோரு ஆண்டுகள் தொட்டியில் கலக்கியிருக்கிறார். பட்டறை மூடிய பிறகு மூன்று வாரச் சம்பளம் பாக்கி நிற்கிறது என்றார். பாக்கியைக் கேட்கப் போன இடத்தில் வாயிற்காவலர்கூட இல்லையாம்.

2004இல், நொய்யல் படுகையில் பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சூழல் இழப்பு ஆணையம் தீர்ப்பளித்தது. தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராத தொகை என்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டோம். நிலத்தின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. நிலமே இல்லாமல், அந்த நிலத்தில் கூலியை மட்டும் இழந்தவருடைய பெயரை எந்தப் பட்டியலிலும் சேர்க்க வழியில்லை என்பது, அவர் எதிரே நின்ற அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சம்பளத்தைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. "ஏனுங்க சாமி, இனி சாயத்தண்ணி வராதுங்கறாங்களே, நம்ம கெணத்துல மீன் கெடக்குதுங்களா?" என்று கேட்டார். சிறுவயதில் அந்தக் கிணற்றில் அவர் கெளுத்தி பிடித்ததை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கேலியாகவோ குத்தலாகவோ கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். 'சாமி' என்று அழைத்ததையும் நான் திருத்தவில்லை. 'நம்ம கெணறு' என்ற சொல்தான் உள்ளே எங்கோ தைத்து இன்னும் இருக்கிறது.

இப்படி ஒரு சந்திப்பு உங்களுக்கும் வாய்த்திருந்தால் எழுதுங்கள். ஆற்றுக்காகவோ காட்டுக்காகவோ நீங்கள் நின்ற பக்கம் சரியாக இருந்தும், எதிரே நின்றவரிடம் சொல்ல வார்த்தை கிடைக்காமல் போன ஒரு நேரத்தைக் கேட்கிறேன்.

குளத்தேரி

கோவையில் வாலாங்குளத்தையும் முத்தண்ணன் குளத்தையும் சீரமைத்தபோது அதை முழு மனத்தோடு வரவேற்றவள் நான். கரையில் குடியிருந்தவர்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு அனுப்பியதையும், 'நல்ல வீடுதானே கிடைக்கிறது' என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

ஒருநாள் காலை நடைபயிற்சியில், பறவைகளின் படம் போட்ட பலகை ஒன்றின் முன்னால் நின்றிருந்தேன். பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று, "அது என்ன கோழின்னு போட்டிருக்குதுங்க?" என்று கேட்டார். பலகையில் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருந்தது. எனக்குத் தமிழ்ப் பெயர் தெரியவில்லை. "நாமக்கோழிங்க. நெத்தியில வெள்ளையா நாமம் இருக்குது பாருங்க" என்று அவரே சொன்னார். அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் பெயர் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, பலகையின் கால் ஊன்றியிருந்த இடத்தைத் துடைப்பத்தால் தொட்டுக் காட்டி, "இங்கதானுங்க எங்க வாசப்படி" என்றார்.

இப்போது கீரணத்தத்திலிருந்து வருகிறாராம். முதல் பேருந்தைப் பிடிக்க நான்கு மணிக்கு எழ வேண்டும் என்றும், வீட்டு வேலை செய்துகொண்டிருந்த மூன்று வீடுகளில் இரண்டு தூரத்தால் போய்விட்டன என்றும் சொன்னார். குளம் சுத்தமாகத்தான் இருக்கிறது. நானும் தினமும் அங்கேதான் நடக்கிறேன். ஆனால் அந்தப் பலகையின் பக்கம் இப்போதெல்லாம் நிற்பதில்லை.

ஓடைக்காடு

ஒரத்துப்பாளையத்தாருக்கு ஒரு மறுப்பு. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது சிறியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது நொய்யலில் கலக்கும் ஓர் ஓடை. மழை கொட்டினால் அதில் நுரையோடு நிறமும் வரும். ஓர் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தபோது, குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கொட்டும் மழையில் நனைந்தபடி நின்றிருந்தான். நான் கைபேசியை எடுத்ததும், "போட்டோ எடுத்துக்கோங்க சார், மொகம் மட்டும் வேண்டாங்க" என்றான். எடுக்காமல் திரும்பிவிட்டேன். மறுநாள் அதற்காக என்னையே நொந்துகொண்டேன்.

இனி மறுப்பு. ஆறு வேண்டுமா, கூலி வேண்டுமா என்று அந்தத் தொழிலாளியின் முன்னால் தராசைக் கொண்டுவந்து வைத்தது நீதிமன்றமும் அல்ல, வெடி வெடித்த உங்கள் ஊரும் அல்ல. கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2006 டிசம்பரில். உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் மேலும் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அத்தனை ஆண்டுகளில் ஏற்றுமதி நடந்தது, டாலர் வந்தது. சம்பாதித்தவர்களில் ஒரு பகுதியினர் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டார்கள். கூலிக்குச் சாயம் போடும் ஜாப் ஒர்க் பட்டறைக்காரர், கிலோவுக்கு இத்தனை என்று பனியன் கம்பெனி குறைத்துக் கொடுத்த விலையில் எதைக் கட்டியிருப்பார்? அவர் கட்டாததன் விலையைத்தான் உங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகன் மூன்று வாரச் சம்பளமாகக் கொடுத்தார். சுத்திகரிப்புச் செலவைத் துணியின் விலையில் ஏற்ற மறுத்தவர்கள் வெளிநாட்டில் அதை வாங்கியவர்களும் உள்ளூரில் தைத்து அனுப்பியவர்களும். அவர்களில் ஒருவர்கூட உங்கள் கதையில் வரவில்லையே, ஏன்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சொட்டும் வெளியேறாது' என்பதைக் கேட்டால் ஏதோ மாயம்போல இருக்கிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் தண்ணீரைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். எஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். அதில் ஒரு பங்கு மறுபடியும் சாயத்துக்கு உதவும். உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அந்த மூட்டைகளைச் சுமப்பவர் யார், கொதிகலனுக்கு விறகு தள்ளுபவர் யார் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆற்றில் இருந்தது கொட்டகைக்கு இடம் மாறியிருக்கிறது. அதைத் தொடும் கை மாறவில்லை. ஆகவே குற்ற உணர்ச்சியை உங்கள் ஊர்க்காரர்களின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இருபத்தேழு வளைவு

சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் வாகனங்களுக்கு இரவுத் தடை வந்ததே, அதற்குப் பிறகு நடந்தது. வண்டியில் அடிபட்டுச் செத்த புள்ளிமானை என் கண்ணால் பார்த்தவன் என்பதால் தடையை ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். அப்போது சரக்கு வண்டிகளுக்கு மாலை ஆறு மணியோடு பாதை மூடப்பட்டது. காருக்கு ஒன்பது வரை நேரம் இருந்தது.

ஏழரை மணிக்கு ஆசனூரில் என் கார் தடையின்றிப் புறப்பட இருந்தது. ஓரத்தில் தாளவாடியிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வண்டி நின்றிருந்தது. வழியில் டயர் வெடித்து அரை மணி நேரம் தாமதமானதாம். கிளீனர் பையன் கைபேசி வெளிச்சத்தில் பெட்டி பெட்டியாகப் பிரித்து, நசுங்கத் தொடங்கியதைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு பையை நிரப்பி என்னிடம் நீட்டி, "எடுத்துட்டுப் போங்கண்ணா, காலைல இது சந்தைக்கு ஆகாது" என்றான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. தாராபுரம் வந்து சேரும்வரை காருக்குள் தக்காளி வாசம்.

உள்ளூர் வண்டிகளுக்குப் பிறகு சலுகை கொடுத்தார்கள் என்பது தெரியும். அந்த இரவில் அது இல்லை.

நீர்மாதிரி

இங்கே எழுதிய எல்லோரும் மனம் வருந்துகிறீர்கள். ஒருவர்கூட அளவு எடுக்கவில்லை. என் அனுபவம் இரண்டே வரி. பெருந்துறைப் பக்கம் உறவினர் ஊரில் ஒரு பாட்டி கொடுத்த தண்ணீரைக் குடித்தேன், உவர்த்தது. "பழகிடும் கண்ணு" என்றார். அன்றே, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன்.

நீங்களும் வாங்குங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் மீட்டர் காட்டுவது மொத்த உப்பை மட்டுமே. அது சாயமா, இயற்கையான உவரா என்று சொல்லாது. ஆகவே சுத்தமான பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி, தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஓடைக்காடு நண்பர் மழை இரவில் படம் எடுக்கத் தயங்கியது எனக்குப் புரிகிறது. முகம் இல்லாமல் குழாயையும் நிறத்தையும் மட்டும் எடுத்திருக்கலாமே? பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள், அளவு என்ன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பொதுவான வழக்குக்கு ஆறு மாதக் காலவரம்பு, இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏழாவது மாதத்தில் வக்கீலிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஊர்க்காரர்கள் பத்துப் பேராகச் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், மிரட்டலும் குறையும். மாதிரி எடுக்கும்போது சாட்சிக்கு இருவரை நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

மதகடி

நீர்மாதிரி அவர்களே, நீங்கள் சொன்ன அத்தனையும் பயனுள்ளது. ஆனால் அதைச் செய்ய முதலில் ஒரு கிணறு வேண்டும், அரைநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் போக வசதி வேண்டும், மனு கொடுத்த மறுநாளும் அதே தோட்டத்தில் வேலை கிடைக்கும் என்ற உறுதி வேண்டும்.

எங்களுடையது கீழ்பவானி வாய்க்கால் பாசனம். சுமார் 710 கோடியில் கான்கிரீட் போடுகிறார்கள் என்றதும் ஊர் இரண்டாகிவிட்டது. இருநூறு கிலோமீட்டர் வாய்க்காலில் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்பது ஒரு நியாயம். கசிவுநீரை நம்பித்தான் கிணறுகளும் மரங்களும் இருக்கின்றன என்பது இன்னொரு நியாயம். நான் இரண்டாவது பக்கம். பந்தலில் உட்கார்ந்தேன், முழக்கம் போட்டேன்.

ஒருநாள் அதிகாரிகள் பார்வையிட வந்தபோது இரு தரப்பும் கரையில் நின்று கசிவு எத்தனை விழுக்காடு என்று கத்திக்கொண்டிருந்தோம். சற்றுத் தள்ளி, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரக்கையோடு வந்து காத்திருந்தார். காலனியில் குழாய் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் காலம் அது. எங்கள் இரைச்சல் சற்று ஓய்ந்த இடைவெளியில், "ஏனுங்க, செவுரு கட்டுனா எறங்கறதுக்குப் படி வெப்பீங்களா?" என்று கேட்டார். சரிவான கான்கிரீட்டில் இறங்கிய ஆடுகூட ஏற முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரு தரப்பு மனுக்களிலும் படி என்ற சொல்லே இல்லை. அதிகாரி எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம்.

ஒரத்துப்பாளையத்தாரிடம் ஒரு கேள்வி. மீன் இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

ஒரத்துப்பாளையத்தான்

ஓடைக்காடு அவர்கள் சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன்; வாங்கியவர்களையும் தைத்தவர்களையும் நான் மறந்துவிட்டேன். ஆனால் அவர்கள் யாரும் அன்று பேருந்து நிலையத்தில் என் எதிரே நிற்கவில்லை.

மதகடியின் கேள்விக்கு: "கெடக்குது" என்று சொன்னேன். பொய். அந்தக் கிணற்றை மோட்டாரோடு கைவிட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்டுக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்டுவதில்லை. அவர் சிரித்து, "ஆடி நோம்பிக்கு வந்தா தூண்டில் எடுத்துட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஊத்துக்குளி பேருந்தில் ஏறினார். அந்த ஆடியில் ஊர் எல்லைப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கையில் தூண்டில் இருந்ததா என்று பார்க்காமல் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.