தம்பி அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறான், உங்கள் அனுபவம் தேவை

வணக்கம். என் தம்பி அடுத்த மாதம் சாங்கி சிறையிலிருந்து விடுதலையாகி, ஈசூனில் எங்களோடு தங்கப்போகிறான். வேலை தேட, சிறையிலிருந்து வருபவர்களுக்கு உதவும் யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பு இருக்கிறது. சரி, அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் மகனை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. தொடக்கநிலை ஆறு படிக்கிறான், இந்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அப்பா பேச்சை எடுத்தாலே அறைக்குள் போய்விடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்து, நிபந்தனையோடு வெளியே விடுகிறார்கள். மீதிக் காலத்தில் குற்றம் செய்தால் அந்த மீதிக் காலத்துக்கும் சேர்த்துத் தண்டனை வரலாம். அதனால் அம்மா இப்போதே பயப்படுகிறார். தம்பி வெளியே கிளம்பும்போதெல்லாம் "எங்கே போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாரோ என்று எனக்குக் கவலை.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: முதல் சில வாரம் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்? பிள்ளையிடம் யார் முதலில் பேசினீர்கள்? அப்புறம், சிண்டாவில் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்ப ஆலோசனைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? தனிச்செய்தி அனுப்பினாலும் போதும்.