கிளேர் மாவட்டத்து அநாதைப் பெண்ணின் குடும்பத்தைக் கண்டறிய உதவி வேண்டும்

வணக்கம். அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது, 1848க்கும் 1850க்கும் இடையில், ஏழையர் விடுதிகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட 4,000க்கும் மேற்பட்ட அநாதைப் பெண்களுள் என் மனைவியின் கொள்ளுப்பாட்டிக்குப் பாட்டியும் ஒருவர். 1850 பிப்ரவரியில் ‘தாமஸ் ஆர்பத்நாட்’ கப்பலில் சிட்னி வந்திறங்கிய அவருடைய வயதும் சமயமும், இறந்துபோன பெற்றோரின் பெயர்களும், கிளேர் என்ற மாவட்டப் பெயரும் குடியேறியோர் பட்டியலில் தெளிவாக உள்ளன. ஊர்ப்பெயரை மட்டும் படிக்க இயலவில்லை.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பஞ்ச காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. பிறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியதோ 1864இல்தான். ஆகவே, அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள கத்தோலிக்கப் பங்குகளின் (தேவாலய வட்டாரங்களின்) பதிவேடுகளையே பெரிதும் நம்பியிருக்கிறேன். நிலமும் வீடும் வைத்திருந்தோரைப் பஞ்சத்துக்குப் பின் கிளேரில் பட்டியலிட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டு ஏடுகளில், முன்பே இறந்துவிட்ட பெற்றோர் இடம்பெற வாய்ப்பில்லை என்றாலும், உறவினர் எவரேனும் இருக்கக்கூடும்.

ஞானஸ்நானப் பதிவுகளில் வரும் ஞானப்பெற்றோர் பெயர்களைக் கொண்டு உறவினரை இனங்காணும் முறையையும், கிளேர் ஏழையர் விடுதிகளின் நிர்வாகக் குழுக் குறிப்பேடுகளைப் பார்வையிடும் வழியையும் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். அந்த அநாதைப் பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அச்சிறுவனின் பெயரையாவது அறிய வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் விருப்பம். பட்டியலின் படத்தைக் கேட்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.