கையால் சுத்திய ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்: உங்களுக்கு எங்கே புகைந்தது?

ஃபெரைட்பித்தன்
24 வோல்ட் ஃபுல் பிரிட்ஜ் (நாலு ஸ்விட்ச் வச்சு கரெண்டைத் திசை மாத்தி மாத்தி ஓட்டுற சர்க்யூட்), 40 கிலோஹெர்ட்ஸ், ஃபெரைட் (காந்தப் பீங்கான்) கோரோட நடுக்கால் 1 சதுர செ.மீ. 0.2 டெஸ்லா காந்தப்புலத்துக்குக் கணக்கு, பிரைமரிக்கு (24 வோல்ட் உள்ளே போற சுருள்) 7.5 சுற்று சொன்னது, 8 போட்டேன். செகண்டரி (ஹை வோல்டேஜ் வெளியே வர்ற சுருள்) 2,000 சுற்று, ஆக 6,000 வோல்ட். லைட்டை அணைச்சுப் பார்த்தா செகண்டரி ஓரத்துல ஊதா நிறத்துல ஒரு நூல் மினுங்குது. லேசான 'ஸ்ஸ்' சத்தம், ஓசோன் வாடை. அழகா இருக்கேன்னு ரசிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, அதான் இன்னும் உறுத்துது. கொஞ்ச நேரத்துல 'டக்'. பிரிச்சா, பாலிஇமைடு டேப்போட (சூடு தாங்குற இன்சுலேஷன் டேப்) விளிம்புல குண்டூசி முனை அளவுக்குக் கரும்புள்ளி. லேயருக்கு லேயர் ரெண்டு சுற்று டேப் போட்டிருந்தேனே!

செம்புக்கம்பி
டேப்பைக் குறை சொல்லாதீங்க. சுற்றுக்கு 3 வோல்ட், லேயருக்கு 100 சுற்றுன்னு வச்சாலே 300 வோல்ட். போய்த் திரும்பிச் சுத்தினா ஒரு ஓரத்துல ரெண்டு லேயருக்கு நடுவே 600. சில மைக்ரான் காற்றிடைவெளி சுமார் 330 வோல்ட்லயே உடையும். பொறி டேப்பைத் துளைச்சிருக்காது, ஓரமா ஏறித் தாண்டியிருக்கும்.
எனக்குப் புகைஞ்சது எபாக்ஸில (ஊத்தினா இறுகிடுற பிசின்). ஊத்தும்போதே கம்பிக்குப் பக்கத்துல கடுகு அளவு குமிழி ஒண்ணு தெரிஞ்சுது. போனாப் போகுதுன்னு விட்டேன். மூணாம் நாள் சரியா அந்த இடத்துலதான் கருகிச்சு.

சுருள்மாமா
அதுக்காக எபாக்ஸியே ஆகாதுன்னு முடிவு கட்டிடாதீங்க தம்பி. குமிழிக்குள்ள மின்புலம் சுத்தி இருக்கிற எபாக்ஸியை விட அதிகம், காத்துக்குத் தாங்கும் சக்தியோ கம்மி. உள்ளே ஒவ்வொரு சைக்கிளுக்கும் பொறி தட்டும், அதுவும் 50 ஹெர்ட்ஸை விட 800 மடங்கு வேகமா. வேக்கம்ல வச்சுக் குமிழியை இழுத்துட்டு ஊத்தணும். மெழுகு வேண்டாம், ஆறும்போது சுருங்கி இடைவெளி விடும். என்னைக் கேட்டா டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்தான். அதுவும் வேக்கம் போட்டாத்தான் லேயருக்குள்ள இறங்கும். ஒரே நீளத்துக்குச் சுத்தாம தடுப்பு வச்ச பாபின்ல (கம்பி சுத்துற கூடு) நாலஞ்சு அறையாப் பிரிச்சுடுங்க, பக்கத்துப் பக்கத்துக் கம்பிக்கு நடுவே வோல்டேஜ் சிறுத்துடும். டேப்பைக் கம்பிக்கு ரெண்டு பக்கமும் சில மி.மீ. நீட்டி விடுங்க. இன்னொண்ணு, மாங்கனீஸ்-துத்தநாக ஃபெரைட் கரெண்ட் கடத்தும். கல்லு மாதிரி இருக்கேன்னு கோரை இன்சுலேட்டரா நினைச்சுடாதீங்க. என்னோடது செகண்டரியில இருந்து நேரா கோருக்குத்தான் பாய்ஞ்சுது.

ஃபெரைட்பித்தன்
மாமா, நான் எபாக்ஸியே ஊத்தலையே! செம்புக்கம்பி சொன்னது சரி. எரிஞ்ச புள்ளி, லேயர் திரும்புற மூலைக்கு எதிர் ஓரத்துலதான் இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்.

இருட்டறை
உங்களுக்காவது டிரான்ஸ்ஃபார்மர்தான் போச்சு. நான் சப்ளையைப் பிடுங்கிட்டு, ரெக்டிஃபயருக்கு (ஏசியை டிசியாக்குறது) பின்னாடி இருந்த, சப்ளை போனாலும் சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கிற கெப்பாசிட்டரை மறந்துட்டு வயரைத் தொட்டேன். முழங்கை வரைக்கும் மரத்துப்போச்சு. கருகின காயில் இன்னும் மேஜை மேலயேதான் கிடக்கு, பிரிக்கக் கை போகல.