புதுப்பிப்பு: அந்த நீலப் பறவை ஜாடி அசல்தானா?

நியூ ஜெர்சி பழம்பொருள் சந்தையில் வாங்கிய இரண்டு கேலன் ஜாடியின் படம் போட்டிருந்தேனே, அதிலிருக்கும் நீலப் பறவை பிற்காலத்தில் யாரோ வரைந்தது என்று பலரும் சந்தேகப்பட்டீர்கள். சரி, பார்த்தாச்சு.

பெயின்டைக் கரைக்கும் அசிட்டோன் நனைத்த பஞ்சால் பறவையின் ஓரத்தில் தேய்த்ததில் துளி நீலம்கூட வரவில்லை. அது மட்டும் போதாது, வெறும் பழைய ஜாடியில் படம் வரைந்து மறுபடி சுட்டு விற்கிற கில்லாடிகளும் உண்டு. லென்ஸில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் நீலத்தின் மேலேயும் தடையில்லாமல் ஓடுகிறது. இந்த வகை ஜாடிகளைச் சுடும்போது சூளை 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உப்பை உள்ளே வீசுவார்கள், அது ஆவியாகி அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் படலமாகிவிடும், நீல நிறம் தரும் கோபால்ட் அதற்கு முன்பே பூசப்பட்டிருந்தால்தான் இப்படி அமையும். ஆக, பறவை அசல்தான். ஜாடிக்குள் உப்பின் ஆவி சரியாகப் போகாது என்பதால் உட்புறத்தில் பழுப்பு நிற ஆல்பனி (நியூயார்க் மாநில ஊர்) களிமண் குழம்பைப் பூசியிருக்கிறார்கள்.

கழுவியதும் முத்திரையும் தெளிவாகிவிட்டது: ஜே. & ஈ. நார்ட்டன், பெனிங்டன், வெர்மான்ட். அந்தப் பட்டறை 1850 முதல் 1859 வரை போட்ட முத்திரை இது; 1861-இலிருந்து ஈ. & எல்.பி. நார்ட்டன் என்று மாறிவிடும். எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

அப்புறம், ஊறுகாய் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாங்க. விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறது, உப்புநீர் இறங்கிக் காய்ந்தால் அது இன்னும் விரியும். ஒட்டவும் போவதில்லை.