பக்கத்துக் காலி மனையில் ஹோட்டல்: ஆட்சேபக் கடிதத்துக்கு உதவுங்கள்

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா காலத்திலிருந்து வாடகைக் கடை வைத்திருக்கிறோம். ஒட்டினாற்போல் இருக்கும் காலி மனையில் ஹோட்டல் வரப்போகிறதாம். நோட்டீஸ் கட்டட உரிமையாளர் கைக்குத்தான் வந்தது. அவர் சாவகாசமாகச் சொன்னதில், ஆட்சேபம் சொல்வதற்கான 21 நாள் கெடுவில் இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

அங்கே எதுவுமே கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. இப்போது எலியும் கொசுவும்தான் குடியிருக்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் 18 மீட்டர் உயர வரம்பு இருப்பதும் தெரியும். என் பயம் அஸ்திவாரத்தைப் பற்றித்தான். இரண்டு மனைக்கும் நடுவில் இருப்பது பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர். அஸ்திவாரத்துக்கு பைலிங் (நிலத்தில் தூண் இறக்குவது) அடித்தால் தாங்குமா? அஞ்சடியை (கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையை) மறித்துத் தகரம் அடித்துவிட்டால் தீபாவளி வியாபாரமும் போச்சு.

வாடகைக்காரர் ஆட்சேபம் எழுதினால் மாநகர் மன்றம் ஏற்குமா, இல்லை உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டுமா? மலாய் மொழியில் இப்படிக் கடிதம் எழுதியவர்கள் இருந்தால் ஒரு மாதிரி அனுப்புங்களேன். வேலை தொடங்குமுன் விரிசல்களைப் படமெடுத்து அறிக்கை தரும் பொறியாளர், பழைய கடைவீடு தெரிந்தவர், யாராவது இருந்தால் சொல்லுங்கள்.