ஃபேர்சீ கப்பலின் மேல்தள வரைபடம் வேண்டும்

ஃபேர்சீ கப்பலை 1:350 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன், மேல்தளத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. 1941இல் அமெரிக்காவில் பயணிகள் கப்பலாக நீரில் இறக்கி, போருக்காகச் சார்ஜர் என்ற விமானந்தாங்கியாக மாற்றி, அப்புறம் 1949இலிருந்து இத்தாலியின் சிட்மார் நிறுவனத்துக்காக, போரால் வீடிழந்த ஐரோப்பியர்களையும் பின்னாளில் பிரிட்டிஷ் குடும்பங்களையும் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கப்பல். 1969இல் இயந்திர அறையில் தீப்பிடித்து, அதே வருடம் உடைத்துவிட்டார்கள். அத்தனை பேரைக் கரைசேர்த்த கப்பலை ஏனோதானோவென்று செய்ய மனம் வரவில்லை.

சார்ஜரின் வரைபடம் கிடைத்தது. அடிப்பகுதிக்குச் சரி, ஆனால் ஓடுதளத்தை எடுத்தபின் கட்டிய அறைகள் அதில் இல்லை. பழைய அஞ்சலட்டைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாமே பக்கவாட்டுப் படங்கள், உயிர்காப்புப் படகுகளுக்கு உள்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் எழுதினேன், அவர்களிடம் பயணிகள் பட்டியல்தான் இருக்கிறதாம்.

சிட்மார் காலத்து மேல்தள வரைபடம் எங்கே கிடைக்கும்?