மலேசியாவில் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை: பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

கல்யாணமாகியோ கணவரின் வேலைக்காகவோ தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்திருக்கும் தங்கச்சிகள் பலர் கேட்கும் கேள்வி இது: "ஊர்லயே சுகர் பார்த்தாச்சுக்கா, நார்மல்தான். மறுபடியும் எதுக்கு?"

எடுத்துத்தான் ஆக வேண்டும். மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. மூன்றாம் மாதத்தில் நார்மலாக இருந்த சர்க்கரை ஆறாம் மாதத்தில் ஏறலாம். வெளியே ஒன்றும் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும்.

அரசு கிளினிக்கில் முதல் தடவை பதியும்போதே அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் இருந்தாலோ, உடல் எடை கூடுதலாக இருந்தாலோ, முந்தைய பிரசவத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ, நான்கு கிலோவுக்கு மேல் குழந்தை பிறந்திருந்தாலோ தொடக்கத்திலேயே பரிசோதிப்பார்கள். அது நார்மல் என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை உண்டு. வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் 25 வயது ஆனவர்களுக்கு அந்த வாரங்களில் பரிசோதனை உண்டு.

ஊர் முறைக்கும் இங்குள்ள முறைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். இங்கே வெறும் வயிற்றில் போக வேண்டும். மிஸ்ஸி (நர்ஸ்) "புவாசா" (சாப்பிடாமல் வாருங்கள்) என்று சொன்னால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான். காலையில் ஒரு வாய் தே தாரிக் (பால் டீ) குடித்தாலும் அன்றைய பரிசோதனை வீண். போனதும் ரத்தம் எடுப்பார்கள், பிறகு குளுக்கோஸ் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். அதுவரை நடக்காமல் உட்கார்ந்திருங்கள். வாந்தி வந்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் சாப்பிடக் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி கிடைக்க நேரமாகும்.

அப்புறம், பயந்துபோய் நான்கு நாள் முன்பே சோற்றை நிறுத்தாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது கவனம். ஊரில் mg/dL என்ற அளவில் சொல்வார்கள், இங்கே mmol/L என்ற அளவில், அதனால் எண்கள் சின்னதாக இருக்கும். 8.5 என்று பார்த்துவிட்டு "ரொம்பக் கம்மி" என்று நிம்மதியாகப் போனால் ஆபத்து. 18-ஆல் பெருக்குங்கள், ஊர்க் கணக்கில் 153. வெறும் வயிற்றில் 5.1 (ஊரில் 92), இரண்டு மணி நேரத்தில் 7.8 (ஊரில் 140). இந்த இரண்டில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள்.

வந்துவிட்டால் அழ வேண்டாம், இது உங்கள் குற்றமில்லை. பலருக்குச் சாப்பாட்டை மாற்றினாலே கட்டுக்குள் வரும். கடையில் "தே ஓ கோசோங்" கேளுங்கள், கெட்டிப்பாலும் சர்க்கரையும் இல்லாமல் வரும். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு வைக்கும் இரண்டாவது தட்டைப் பணிவாக மறுத்துவிடுங்கள். சாப்பாட்டால் முடியாவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின் கொடுப்பார்கள். இன்சுலின் குழந்தைக்குக் கெடுதல் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கட்டுப்படாத சர்க்கரைதான் கெடுதல்: குழந்தை அளவுக்கு மீறி வளரும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் வேறு, போகுமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் எடுத்தால் ரிசல்ட்டைக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்திலேயே வைத்திருங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சர்க்கரை வந்தவர்கள், பிரசவமாகி ஆறு வாரத்தில் இதே பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும். பத்தியம், கைக்குழந்தை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் இங்கத்திய ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுபோய் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அது நார்மல் என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.